யார் சொன்னால் கேட்பீர்கள்?

மந்திக்கானலில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதினால் யாரும் ஓடமாட்டார்கள். வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் புகைகிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தச் சங்கு சோதனைக்கு ஊதியிருக்கிறது, ஒத்திகைக்கு ஊதியிருக்கிறது, அமைச்சர் வந்தபோது மரியாதைக்குக்கூட ஊதியிருக்கிறது. உண்மையான தீக்கு ஊதியபோது ஊர் அதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டது.

ஒரு ஜீப், ஒரு தண்ணீர் லாரி, நாலு ஆட்கள். இவர்களை வைத்துக்கொண்டு மலையையே காவல் காக்க வேண்டியவர் நிலைய அலுவலர் வீரணன். கோடை இப்போதெல்லாம் தை மாதத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. பொங்கல் கரும்பைக் கடித்துத் துப்பிய கையோடு அவர் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். வீட்டைச் சுற்றிச் சருகைக் கூட்டுங்கள், கூரையில் விழுந்த இலையைத் தள்ளுங்கள், சிலிண்டரை விறகுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ரேஷன் கார்டையும் மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் மாட்டுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். கடுங்காப்பி கொடுப்பார்கள். அவர் தலை மறைந்ததும் கூட்டிய சருகை அள்ளிப் பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப்புறம் தட்டிவிடுவார்கள்.

இந்த ஊருக்குத்தான் அரசாங்கம் புதுக் கருவியைச் சோதித்துப் பார்க்க அனுப்பியது. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் மரங்களில் கட்டிய கருவியை 'மூக்கு' என்றும், வாசலில் மாட்டியதைக் 'கூப்பிடு பெட்டி' என்றும் சொல்லிக்கொண்டார்கள். மூக்கு புகையை மோந்து பார்த்துச் சொல்லும். பெட்டி கூப்பிடும். அது கூப்பிடும் விதத்தில்தான் விஷயம் இருந்தது.

"சைரன் எல்லாருக்கும் பொது சார். அதனால யாரும் தனக்குன்னு எடுத்துக்க மாட்டாங்க" என்றாள், கருவியோடு சென்னையிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஃபர்ஹானா. "ஆனா ஒருத்தர் யார் பேச்சைத் தட்ட மாட்டாரோ, அவங்க குரல்லயே பேரைச் சொல்லிக் கூப்பிட்டா? கால் தன்னால எழுந்துடும். வரலைன்னா பெட்டி விடாது. அந்தக் குரல்லயே கெஞ்சும், திட்டும், அழும். அந்த ஆள் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசும்."

"குரலுக்கு எங்கே போறது?"

"அவங்க போன்ல பேசினதை வாங்கி நான் பெட்டிக்குக் கொடுத்துடுவேன். நீங்க வீடு வீடாப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும். யார் சொன்னா கேப்பீங்க?"

கேட்பதற்குச் சின்னக் கேள்வி. வீரணன் அதைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் அது எத்தனை பொல்லாத கேள்வி என்று தெரிந்தது. வாத்தியார் குருநாதன் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். மனைவி யோசிக்காமல் தன் அண்ணன் பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரொம்ப நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று மகன்களைப் பெற்ற ஒருத்தி மருமகள் பெயரைச் சொல்லிவிட்டு, "பயலுகளுக்குத் தெரிய வேணாம் சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடு வளர்க்கும் பவுனுத்தாய், "எந்த மனுசன் சொல்லையும் நான் கேக்க மாட்டேன். என் ஆடு கத்துனா வேணா ஓடியாருவேன்" என்றாள். ஃபர்ஹானா சிரித்துக்கொண்டே அவள் ஆட்டின் கத்தலைப் பதிவு செய்தாள். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

வீரணன் கடைசிவரை தள்ளிப்போட்டது அன்னக்கொடி வீட்டை. ஊரின் மேற்கு ஓரம், புல்மேட்டுக்கு ஏறும் பாதையில் கடைசிக்கு முந்தைய வீடு. கடைசி வீடு பவுனுத்தாயுடையது. ஊரில் தீக்குத் தயாராக இருக்கும் ஒரே வீடு அன்னக்கொடியுடையதுதான். செம்மண் தெரியக் கூட்டியிருப்பாள். ஒரு சருகு விழுந்தால் அது தரையைத் தொடுமுன் எடுத்துவிடுவாள் என்று பிறத்தியார் கேலி பேசுவார்கள். 'அந்த வீட்டைப் பாத்துக் கத்துக்குங்க' என்று வீரணன் எல்லோருக்கும் சொல்லுவார். ஆனால் தான் அந்த வாசலை மிதிக்க மாட்டார். கருவி பற்றிய கேள்வியை அலுவலர்தான் கேட்க வேண்டும் என்று உத்தரவு இருந்ததால் இந்த முறை தப்பிக்க வழியில்லை.

"வாங்க தம்பி. இந்த வீட்டுக்கு வழி தெரிஞ்சுச்சா?" என்றாள் அன்னக்கொடி. குத்தலாகச் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் வலித்தது.

காப்பியைக் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசினார். பிறகு வேறு வழியின்றிக் கேட்டார். "யார் சொன்னா கேப்பீங்கக்கா?"

"சுருளி சொன்னா கேப்பேன்."

சுவரில் மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து அவள் மகன் சுருளிவேல் சிரித்தான். நிலையத்தின் தீத்தடுப்புத் தொண்டர்களில் ஒருவன் அவன். சம்பளம் கிடையாது, ஒரு மஞ்சள் சட்டையும் வாக்கி டாக்கியும்தான். அதற்கே தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

"இறந்தவங்க குரலுக்கு அனுமதி கெடையாதுக்கா."

"அவன் உசிரோட இருந்தப்ப நான் சொல்லிக் கேக்கல. நீங்க வாடா வாடான்னு தொண்டை கிழியக் கத்தியும் கேக்கல. சொன்னாக் கேக்காத பய. தெனமும் படத்து முன்னாடி நின்னு வஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்." அவள் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். "அவன் கேக்காட்டி என்ன தம்பி, நான் கேக்குறேன். ஒரு தடவ அவனை என்னையக் கூப்பிடச் சொல்லுங்க."

வீரணன் தலையைக் குனிந்துகொண்டார். ஏனென்றால் அவர் 'வாடா' என்று கத்தவேயில்லை.

நடந்தது இதுதான். புல்மேட்டில் தீ பிடித்த அன்று, தீ எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்லச் சுருளியை உச்சிப் பாறைக்கு அனுப்பியவர் அவர். காற்று திரும்பப் பார்க்கிறது, வந்துவிடட்டுமா என்று சுருளி வாக்கி டாக்கியில் கேட்டான். கீழே லாரியை எந்தப் பாதையில் ஏற்றுவது என்று தெரியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தார். 'கொஞ்சம் பொறு. காத்து எங்கிட்டுத் திரும்புதுன்னு பாத்துச் சொல்லிட்டு வா' என்றார். அவன் பொறுத்தான். காற்று அவன் பக்கமே திரும்பியது. விசாரணையில், கூப்பிட்டேன், பையன் ஆர்வக்கோளாறில் நின்றுவிட்டான் என்று சொன்னார். தாயிடமும் அதையே சொன்னார். நிலையத்துப் பதிவை யாரும் போட்டுக் கேட்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கவில்லை.

இப்போது அவர் மறுத்திருக்கலாம். விதி அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து, இதையும் கொடுக்காமல் போனால் நான் மனிதனே இல்லை என்று தோன்றிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு எதையாவது கொடுத்துக் கழுவிக்கொள்ளப் பார்க்கும். "பாக்குறேன்க்கா" என்றார்.

சுருளியின் போன் அவனோடேயே போய்விட்டது. அவன் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் நிலையத்து வாக்கி டாக்கிப் பதிவுகள். ஃபர்ஹானா முதலில் தயங்கினாள். அவர் கெஞ்சியதும் ஒப்புக்கொண்டாள். "குரலை மட்டும் எடுத்துக்கலாம்ல?" என்று கேட்டார்.

"குரல் தனியா வராது சார். அவர் பேசினதெல்லாம் சேர்ந்துதான் வரும். இருக்கிறது கொஞ்சம்தான், அதனால எல்லாத்தையும் கொடுத்தாத்தான் கத்துக்கும். ஏதாவது வேண்டாம்னா சொல்லுங்க, வெட்டிடலாம்."

கடைசிப் பதிவை வெட்டிவிடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று கேட்பாளே. "எல்லாத்தையும் எடுத்துக்கங்க" என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

ஒத்திகை அன்று மந்திக்கானல் முதல் முறையாகத் தீயணைப்பு நிலையத்தின் சொல்லைக் கேட்டது. பெட்டிகள் கூப்பிட்டதும் வாத்தியார் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். பவுனுத்தாய் வாசலில் ஆடு கத்தியது, அவள் பறந்து வந்தாள். அன்னக்கொடி மெதுவாகத்தான் வந்தாள். மாத்திரைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் பிரகாரத்தில் நடப்பவள் மாதிரி நடந்து வந்தாள். "அம்மா, வெளிய வா, மசமசன்னு நிக்காதன்னு சொன்னான் தம்பி" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்து வீரணனுக்கும் நெஞ்சு லேசானது. நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அந்த நிம்மதி அடுத்த வெள்ளிக்கிழமை மாலைவரைதான் நீடித்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடு சாம்பிராணி போடுவார்கள் என்று கருவி செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விளக்கேற்றிப் புகை கிளம்பியதும் மூக்குகள் மோந்தன, பெட்டிகள் எல்லாம் வாயைத் திறந்தன. ஆனால் ஒத்திகையில் பேசியது மாதிரி இல்லை. வாத்தியார் வீட்டில் மச்சினன் குரல் டீயில் சர்க்கரை போதவில்லை என்றது. இன்னொரு வீட்டில் மருமகள் குரல் தன் தாயிடம் ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் ஊர் நிலையத்து வாசலில் கூடிவிட்டது.

"புகை லேசா இருந்தா ஆபத்தா இல்லையான்னு அதுக்குக் குழப்பம் சார்" என்று ஃபர்ஹானா போனில் சொன்னாள். "கூப்பிடலாமான்னு முடிவு பண்ணத் தெரியாம, கத்துக்கிட்டதையே திருப்பிப் பேசுது. சாம்பிராணின்னா சும்மா இருன்னு சொல்லிக் கொடுத்துடறேன்."

வீரணன் சுருளியை நினைத்தார். அன்னக்கொடி வீட்டுப் பெட்டி என்ன பேசியிருக்கும்? "சீக்கிரம் பண்ணும்மா. இன்னைக்கே பண்ணிரு" என்றார். பிறகு அன்னக்கொடி வீட்டுக்குப் போனார்.

"என்னமோ சொன்னான் தம்பி. அரைகுறையாத்தான் காதுல விழுந்துச்சு" என்றாள் அவள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பேச விடுங்களேன். நான் யார்ட்டயும் சொல்லல."

"அது முடியாதுக்கா. சாம்பிராணிக்கு இனிமே பேசாது. தீப்பிடிச்சாத்தான் பேசும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறார். வழியைத் தானே சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மாசி பாதி கழிந்தபோது, ஜீப்பில் போகையில் கண்ணில் பட்டது. அன்னக்கொடியின் வாசலில் சருகு கிடந்தது. அடுத்த வாரம் அது குவியலாக இருந்தது. ஓரத்தில் தரை கருகிய வட்டங்களும் இருந்தன. நிலையத்துத் திரையிலோ, அந்த வீட்டுப் பெட்டி அடிக்கடி லேசாக விழித்து அடங்கியதாகக் காட்டியது. இன்னொரு வீடாக இருந்தால் இறங்கிப்போய் ஒரு பாட்டம் கத்தியிருப்பார். கைப்பிடிச் சருகுக்கு அபராதம் போட்டவர் அவர். இங்கே ஜீப்பை நிறுத்தக் கால் வரவில்லை. போய்க் கேட்டால் அவளும் ஏதாவது கேட்பாள் என்று பயம். ஆக, ஊரெல்லாம் தீயைப் பற்றி எச்சரித்த மனிதர் அந்த ஒரு வீட்டை மட்டும் கண்டும் காணாமல் விட்டார்.

பங்குனியில் ஒரு மத்தியானம், காற்று கிறுகிறுவென்று சுழன்று அடித்தபோது, மேற்கு ஓரத்து மூக்குகள் ஒன்றுசேர அலறின. இந்த முறை குழப்பமேயில்லை. அன்னக்கொடி வாசலிலிருந்து கிளம்பிய பொறி பவுனுத்தாயின் வேலியைப் பிடித்து, ஊரார் தட்டிவைத்திருந்த சருகையெல்லாம் தின்றுகொண்டு போனது. பெட்டிகள் கூப்பிட்டன. ஊர் கேட்டது. வாத்தியார் மனைவி அண்ணன் குரலுக்கு ஓடினாள், வாத்தியார் மனைவியின் குரலுக்கு ஓடினார். சங்கு ஊதியிருந்தால் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். பவுனுத்தாயின் வாசலிலும் ஆடு கத்தியது. ஆனால் அன்று கொட்டகையில் நிஜ ஆடுகளும் கத்தின. அவள் வெளியே ஓடாமல் கொட்டகைக்குள் ஓடினாள். நிலையத்து ஆட்கள் அவளை இழுத்துக்கொண்டு வந்தபோது, ஒரு குட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். முழங்கைவரை வெந்திருந்தது. மற்ற ஆடுகள் வரவில்லை.

"அன்னக்கொடியைக் காணோம்" என்று யாரோ கத்தினார்கள். வீரணன் ஜீப்பை மேற்கே விரட்டினார்.

அவள் வாசல் தூணில் சாய்ந்து, பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அந்தப்புறம் தீ இரைந்தது. பெட்டிக்குள் சுருளி கெஞ்சிக்கொண்டிருந்தான். "அம்மா, எந்திரிம்மா. வெளிய வாம்மா."

"அக்கா! கூப்பிடுறான்ல, எந்திரிங்க!"

"இது பெட்டி பேசுறது தம்பி. அவன் பேசுறது புகை லேசானப்புறம் வரும். பொறுங்க." அவள் கையை உயர்த்தி அவரை அடக்கினாள். "சின்னப் புகைக்குத்தான் வருது. பெருசாப் பிடிச்சுக்கும்னு நான் நெனைக்கல. காத்து வந்துருச்சு."

"அக்கா, கெஞ்சிக் கேக்குறேன்..."

"சாம்பிராணி போட்ட அன்னைக்கு அவன் கேட்டான். 'சார், காத்து திரும்பப் பாக்குது, வந்துரட்டுமா?' அப்படின்னு கேட்டான். சாரு யாருன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் சத்தமில்ல. பதில் வரும் வரும்னு எத்தன தடவ சருகைக் கொளுத்தினேன். அவன் கேக்குறான், கேக்குறான், பதிலே வரமாட்டேங்குது." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நீங்க என்ன தம்பி சொன்னீங்க?"

வெப்பம் முகத்தைச் சுட்டது. அவளை அலாக்காகத் தூக்கி ஜீப்பில் போட்டுவிடலாம். 'வான்னு சொன்னேன்' என்று இன்னொரு முறை சொன்னால்கூட எழுந்துவிடுவாள். வீரணன் அவள் முன்னால் மண்ணில் மண்டியிட்டார்.

"பொறுன்னு சொன்னேன்க்கா. காத்து எங்கிட்டுத் திரும்புதுன்னு பாத்துச் சொல்லிட்டு வான்னு சொன்னேன். வாடான்னு நான் கூப்பிடவே இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அன்னக்கொடி பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப, சொன்னதக் கேட்டுத்தான் நின்னிருக்கான்."

"ஆமாக்கா."

"படத்து முன்னாடி நின்னு தெனமும் வஞ்சேனே தம்பி. சொன்னாக் கேக்காத நாயேன்னு வஞ்சேனே." அப்போதுதான் அவள் அழுதாள். பெட்டிக்குள் சுருளி மறுபடி, அம்மா எந்திரிம்மா என்றான். அவள் எழுந்து, முந்தானையை உதறி, அவர் கையைப் பிடிக்காமல் தானே ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

வேலி தாண்டி ஓடிய தீயை ஊர் ஒரு நாளில் மறக்காது. வீரணன் இந்த முறை எதையும் மறைக்கவில்லை. பழைய பதிவைத் தானே எடுத்துக்கொண்டு போய் மாவட்ட அதிகாரி முன்னால் போட்டுக் காட்டினார். இறந்தவன் குரலைக் கொடுத்தது, கருகிய வட்டங்களைப் பார்த்தும் பேசாமல் போனது என எல்லாவற்றையும் சொன்னார். விசாரணை முடியும்வரை பணியில் இருக்கச் சொன்னார்கள். அன்னக்கொடி தானாகவே பவுனுத்தாய் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, கை ஆறும்வரை அவளுக்குச் சோறு ஊட்டினாள். பவுனுத்தாய் ஊட்டியதை வாங்கிக்கொண்டாள், முகம் கொடுத்து மட்டும் பேசவில்லை.

அடுத்த கோடைக்கு முன், பெட்டிகளில் புதுக் குரல் வைக்க வீரணன் மறுபடி கிளம்பினார். இந்த முறை மேற்கு ஓரத்து வீட்டைத் தள்ளிப்போடவில்லை. வாசல் செம்மண் தெரியக் கூட்டியிருந்தது. படத்தில் மாலை புதிதாக இருந்தது.

"அவன் குரலை எடுத்தாச்சா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"எடுத்தாச்சுக்கா. அவன் கேட்டதையும் பெட்டியிலேருந்து அழிச்சாச்சு." குரல் பதியும் கருவியைத் திண்ணையில் வைத்தார். "வேற ஒரு குரல் வைக்கணும். யார் சொன்னா கேப்பீங்க?"

அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "உங்க குரலையே வையுங்க."

"என்னோடதா? அக்கா, நான்..."

"நீங்க பொறுன்னீங்க, எம் புள்ள பொறுத்தான். நானும் அவன் ஆத்தாதானே, நீங்க சொன்னா நானும் கேக்குறேன்." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "ஆனா எனக்கு வான்னு சொல்லிருங்க."

கருவியைக் கையில் எடுத்தார். சிவப்புப் பொத்தானை அமுக்கினார். "வந்துருங்கக்கா" என்றார். காற்றுத்தான் வந்தது. கருவி, குரல் தெளிவாக இல்லை, மீண்டும் சொல்லவும் என்றது. மறுபடி சொன்னார். மறுபடியும் அதையே சொன்னது.

"சத்தமாச் சொல்லுங்க தம்பி" என்றாள் அவள். குனிந்து கூட்டத் தொடங்கியிருந்தாள். "அங்கன வரைக்கும் கேக்கணும்ல."

வீரணன் திரும்பி உச்சிப் பாறையைப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டு, "வந்துருடா" என்று கத்தினார். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.